ஹூடைத் தேய்ப்பதற்கு முன் டக்ட்டைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் திருவல்லிக்கேணியில் பதினோரு ஆண்டுகளாக ஒரு சிறிய டிபன் ஹோட்டல் நடத்தி வருகிறோம். சென்ற வியாழக்கிழமை மாலை, பஜ்ஜி போடும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மாஸ்டர் வாசலுக்கு வந்த காய்கறி மூட்டையை இறக்கப் போயிருந்த சில நிமிடங்களில் எண்ணெய் தீப்பிடித்து, தீ, அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் ஹூடு வரை எழும்பிவிட்டது. மாஸ்டர் ஓடிவந்து கேஸை மூடி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரால் பவுடர் அடித்து அணைத்தார். யாருக்கும் காயமில்லை. ஹூடும் ஃபில்டர்களும் கரிபிடித்துக் கிடக்கின்றன. வழக்கமாகச் சுத்தம் செய்ய வருபவர், காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் போட்டு ஒரே நாளில் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். எங்கள் ஆட்களை வைத்தே செய்துகொள்ளலாமா? எந்த மருந்து நல்லது? திங்கட்கிழமை கடையைத் திறக்கலாமா? தீ அணைந்து அரை மணி நேரம் கழித்து மொட்டை மாடியில், புகையை இழுக்கும் விசிறியான ப்ளோயர் வழியாகப் புகை வந்தது. முதல் மாடியில் குடியிருப்பவர் தம் வீட்டு அலமாரிச் சுவர் சூடாக இருந்ததாகச் சொன்னார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.

— ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்:

மதிப்புக்குரிய அம்மா, வணக்கம்.

எரியும் எண்ணெயைக் கண்டு பதறித் தண்ணீரை ஊற்றாமல், முதலில் கேஸை மூடிவிட்டுப் பிறகு பவுடர் அடித்த உங்கள் மாஸ்டரைப் பாராட்ட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர் அந்தச் சட்டியில் விழுந்திருந்தால், அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் நீராவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயை அடுக்களை முழுவதும் வாரி இறைத்திருக்கும்.

உங்கள் கேள்விகளுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கடையைத் திறக்காதீர்கள். சுவர், மேடை, ஹூடின் வெளிப்பக்கம் ஆகியவற்றை உங்கள் ஆட்களே சுத்தம் செய்யலாம். ஹூடிலிருந்து புகையை மேலே கொண்டுபோகும் தகட்டுக் குழாயான டக்ட்டையும், ப்ளோயரையும் அவர்கள் தொட வேண்டாம். காஸ்டிக் சோடாவுக்குச் சில இடங்களில் வேலை உண்டு; ஆசிட்டுக்கு உங்கள் ஹூடில் எந்த வேலையும் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றையும்விட, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள்தாம் என்னை மிகவும் கவலைப்பட வைத்தன. அணைந்த தீக்கு அரை மணி நேரம் கழித்து மொட்டை மாடியில் புகை வரக் காரணம் இல்லை. சமையல் நடக்காத நேரத்தில் முதல் மாடிச் சுவர் சூடாகவும் காரணம் இல்லை. தீ ஹூடோடு நிற்கவில்லை, டக்ட்டுக்குள் ஏறி அங்கே தனியாக எரிந்திருக்கிறது என்பதைத்தான் இவ்விரண்டும் சொல்கின்றன. அது முழுவதும் எரிந்து தீர்ந்துவிட்டதா, பாதி எரிந்து மிச்சம் உள்ளே இருக்கிறதா என்பதைத் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இதைப் படித்ததும் முதல் வேலையாக மாடி வீட்டுக்காரரிடம் பேசி, அந்த அலமாரியைக் காலி செய்து, சுவரிலிருந்து நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். புறங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். இப்போதும் இளஞ்சூடு தெரிந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, தயங்காமல் 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையினரை வரவழையுங்கள். டக்ட்டின் இரும்பு சுவருக்குள் சூடாகிக்கொண்டே போனால், அதை ஒட்டியிருக்கும் மரமும் துணியும் தீச்சுடர் நேராகத் தொடாமலேயே பற்றக்கூடும். எரியக்கூடிய எந்தப் பொருளும் டக்ட்டிலிருந்து 18 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் 96-ஆம் எண் நெறிமுறை சொல்கிறது. ஹோட்டல் எக்ஸாஸ்ட் வேலையில் இங்கேயும் பலர் அளவுகோலாக வைத்துக்கொள்வது அந்த நெறிமுறையைத்தான். திருவல்லிக்கேணிச் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடங்களில் அந்த இடைவெளி எங்கும் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் டக்ட்டின் உட்புறம் இன்னும் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

டக்ட்டுக்குள் எரிவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சூடான எண்ணெயிலிருந்து எழும் ஆவியும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளும் ஃபில்டரைத் தாண்டி மேலே போய், டக்ட்டின் குளிர்ந்த தகட்டில் பட்டுப் படிகின்றன. படிந்த எண்ணெய் காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, முதலில் தேன் பதத்திலும் பிறகு மரத்துக்குப் பூசும் வார்னிஷ் போலவும், கடைசியில் சுரண்டினாலும் வராத பழுப்புப் பிசினாகவும் ஆகிவிடுகிறது. சமையல் எண்ணெய் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் புகையத் தொடங்கும். 350 டிகிரியைத் தாண்டினால் நெருப்பு காட்டாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். உங்கள் சட்டியில் நடந்தது அதுதான். அந்தச் சுடரை ப்ளோயர் மேலே இழுக்கும்போது, டக்ட்டின் சுவர் முழுவதும் பூசி வைத்த எரிபொருள் அதற்காகக் காத்திருக்கிறது. வளைவுகளில்தான் பிசுக்கு அதிகம் தேங்கும். காற்று திரும்பும் இடத்தில் கனமான துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நகரத்து ஹோட்டல் அடுக்களைகளில் இந்த வேலையைச் செய்து வருகிறேன். தொடக்கக் காலத்தில் ஒரு மெஸ்ஸில், உங்கள் கடையில் நடந்ததைப் போன்றே ஒரு தீக்குப் பிறகு என்னை அழைத்தார்கள். ஹூடைத் தேய்த்தேன், ஃபில்டர்களை ஊறவைத்துக் கழுவினேன், டக்ட்டுக்குள் கை எட்டும் தூரம் வரை சுரண்டினேன். எல்லாம் மின்னியது. முதலாளி அவசரப்பட்டார், நானும் வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சில வாரங்களில் மறுபடியும் தீ. இந்த முறை அடுப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வறுக்கும்போது எழுந்த சிறு சுடர் ஒன்று, நான் திறந்தே பார்க்காத வளைவில் பாதி கருகிக் கிடந்த பிசுக்கைப் பற்ற வைத்துவிட்டது. மேல்தளத்தில் அடுக்கியிருந்த சாக்குகள் எரிந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நினைத்து இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த வளைவைத் திறக்காமல் கையெழுத்திட்டது நான்தான். அதற்குப் பிறகு, கதவு வைத்துத் திறந்து பார்க்காத டக்ட்டுக்கு நான் சான்று கொடுத்ததில்லை.

சுத்தம் தொடங்கும் முன், எதையும் துடைக்காமல், கரியும் பவுடரும் கிடந்தது கிடந்தபடியே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துவையுங்கள். கடைக்குக் காப்பீடு இருந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்த்த பிறகோ, சுத்தம் செய்யலாம் என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகோ மட்டும் கை வையுங்கள். தேய்த்துக் கழுவிய ஹூடைக் காட்டி இழப்பீடு கேட்பது மிகவும் கடினம்.

பிறகு கேஸ். வணிகச் சிலிண்டர்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அடுப்புக்கு வரும் ரப்பர் குழாய்கள், ரெகுலேட்டர், வால்வு ஆகியவற்றில் வெப்பம் பட்ட எதையும் மறுபடியும் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். குழாய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே விறைத்துப் போயிருக்கும். எக்ஸாஸ்டுக்கு வரும் மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்து, யாரும் தவறிப் போட்டுவிடாதபடி சுவிட்சைக் கட்டிவையுங்கள். கருகல் வாடை போகட்டும் என்று ப்ளோயரைப் போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே கங்கு ஏதேனும் கனன்றுகொண்டிருந்தால் அதற்கு விசிறி வீசுவதைப் போல ஆகும். சிதறிக் கிடக்கும் பவுடரையும் டக்ட் முழுவதும் இழுத்துப் பரப்பிவிடும்.

அந்தப் பவுடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் தொழிலில் இருப்பவர்களே அதைச் சாதாரணத் தூசியாக நினைத்து ஈரத் துணியால் துடைத்துவிடுகிறார்கள். கடைகளில் மாட்டியிருக்கும் ஏ.பி.சி. வகைச் சிலிண்டரில் பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்பு இருக்கும். உலர்ந்திருக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அது காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டால் அமிலத்தன்மை கொண்ட பசையாகி, தகட்டையும் மின் இணைப்புகளையும் அரிக்கத் தொடங்கும். கடற்கரைக்குப் பக்கத்தில், திருவல்லிக்கேணி போன்ற ஈரக்காற்று நிறைந்த இடத்தில் இது தொடங்க அதிக நாள் ஆகாது. ஆகவே படம் எடுத்து முடித்ததும், முகக்கவசம் அணிந்துகொண்டு, உலர்ந்த தூரிகையாலும் வாக்குவம் கருவியாலும் முழுவதையும் உலர்வாகவே எடுத்துவிட வேண்டும். வீட்டு வாக்குவம் கருவிக்குள் இந்த நுண்தூள் போனால் மோட்டார் கெட்டுவிடும். நல்ல ஃபில்டர் உள்ள தொழிற்கூடக் கருவியை வாடகைக்கு எடுங்கள். ஏர் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். உலர்வாக எடுத்த பிறகு மிச்சமிருக்கும் படலத்தைச் சோடா உப்புக் கரைசலால் துடைத்து, பிறகு வெந்நீராலும் கடைசியாகச் சாதாரண நீராலும் கழுவினால் அமிலம் முறிந்துவிடும். சிலிண்டரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பி.சி. என்று மட்டும் இருந்து, உள்ளே இருப்பது சோடியம் பைகார்பனேட் தூளாக இருந்தால் கதை வேறு. அது தானே லேசான காரம், அதற்குச் சோடா உப்பு தேவையில்லை, வெந்நீர் போதும்.

திறந்து கிடந்த மாவு, மசாலா, நறுக்கிய காய்கறி, டின்னில் மீதமிருந்த எண்ணெய் எல்லாவற்றையும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இப்போது ஹூடு. தேய்ப்பதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் அதன் உட்புறத்தை ஒரு முறை பாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். தீ எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதை அந்தத் தகடே எழுதிவைத்திருக்கும். கரியைத் துணியால் மெல்ல ஒதுக்கிப் பார்த்தால் எவர்சில்வர் தகட்டில் வண்ணங்கள் தெரியும். வைக்கோல் நிறம் இருந்தால் அந்த இடம் 300 டிகிரியைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. பழுப்பு என்றால் 400 டிகிரிக்கு நெருக்கம். கருநீலமும் நீலமும் தெரிந்தால் 500 டிகிரிக்கு மேல். அந்த நீலம் ஹூடின் விளிம்பில் மட்டும் இருந்தால் சட்டியின் சுடர் நக்கிய இடம் என்று விட்டுவிடலாம். டக்ட் தொடங்கும் வாய்க்குள்ளும் நீலம் ஏறியிருந்தால், உள்ளே நெருப்பு நின்று எரிந்திருக்கிறது என்று பொருள். உங்கள் டக்ட் ஜி.ஐ. தகடாக இருந்தால் வேறோர் அடையாளம் பார்க்கலாம்: மேல்பூச்சாக இருக்கும் துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், பூச்சு போன இடம் வெள்ளைச் சுண்ணாம்புபோல உதிர்ந்து, அதற்கடியில் சில நாட்களிலேயே துரு தலைகாட்டும். இந்த அடையாளங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் சொல்கிறபடி முதல் நாளே காஸ்டிக்கும் ஆசிட்டும் ஊற்றித் தேய்த்தால், தீ போன வழியைக் காட்டும் இந்தத் தடயங்கள் அத்தனையும் அழிந்துபோகும்.

தகடு வளைந்து நெளிந்திருக்கிறதா, பற்றவைத்த இணைப்புகளில் கீறல் விட்டிருக்கிறதா, ஹூடைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கும் இரும்புக் கம்பிகளும் போல்ட்டுகளும் உறுதியாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இரும்பு ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரிக்குள் தன் வலுவில் பாதியை இழந்துவிடும். ஆட்கள் ஹூடின்மேல் சாய்ந்து தேய்க்கும்போதுதான் தளர்ந்த கம்பி விட்டுக்கொடுக்கும். நெளிவும் கீறலும் இல்லாவிட்டால் ஹூடைக் காப்பாற்றிவிடலாம், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

காஸ்டிக் சோடா பிசுக்கை எடுப்பது எப்படி என்றால், அது எண்ணெயோடு சேர்ந்து அதைச் சோப்பாக மாற்றிவிடுகிறது. சோப்பானதும் நீரில் கரைந்து வந்துவிடும். எவர்சில்வரில் படிந்த பழைய பிசினுக்கு அதைவிட வலுவானது கிடைப்பது அரிது. ஆனால் அது தோலையும் கண்ணையும் அதேபோலக் கரைக்கும். எப்போதும் நீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தலைக்கு மேலே இருக்கும் ஹூடைத் தேய்க்கும்போது கரைசல் முழங்கை வழியாக வழிந்து அக்குளுக்கு வரும், முகத்தில் சொட்டும். எனவே நீளக் கையுறை, கண்களை முழுவதும் மூடும் கண்ணாடி, ரப்பர் மேலாடை ஆகியவை இல்லாமல் உங்கள் கடைப் பிள்ளைகள் யாரையும் இந்த வேலையில் இறக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணில் பட்டுவிட்டால் குழாய் நீரை இருபது நிமிடமாவது இடைவிடாமல் விட்டுக் கழுவிக்கொண்டே, எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

காஸ்டிக்கை அலுமினியத்தில் மட்டும் காட்டவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். அது எரியக்கூடியது, தகடும் கறுத்துப் பொத்தலாகிவிடும். ஆசிட் என்று உங்கள் ஆள் சொல்வது பெரும்பாலும் கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அது தகட்டைப் பளபளவென்று காட்டும்; ஆனால் அதிலுள்ள குளோரைடு, எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் மெல்லிய மேற்படலத்தைக் குலைத்துவிடும். அடுத்த சில மாதங்களில் ஊசி குத்தியதுபோலப் புள்ளிப் புள்ளியாகத் துரு வரும். கடற்காற்றிலும் குளோரைடு இருப்பதால் உங்கள் பகுதியில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஹூடு 202 வகை எவர்சில்வர்த் தகட்டில் செய்ததாக இருந்தால் சேதம் மேலும் அதிகம். 304 வகை எவர்சில்வருக்கு இருக்கும் தாங்குதிறன் அதற்கு இல்லை. காந்தம் வைத்துப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், இரண்டிலும் காந்தம் ஒட்டாது. தீயில் மின்கம்பிகளின் பி.வி.சி. உறை எரிந்திருந்தால் அந்தப் புகையிலும் இதே அமிலம்தான் வந்து தகட்டில் படிந்திருக்கும் என்பதால், உங்கள் ஹூடுக்கு இப்போதே தேவைக்கு மேல் ஆசிட் கிடைத்துவிட்டது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் நச்சுவாயு வரும் என்பதையும் உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் கரியையும் கட்டியையும் மரச் சுரண்டியால் உலர்வாக எடுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துகள்கள் எவர்சில்வரில் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கும். பிறகு, ஹோட்டல்களுக்கென்று விற்கும் காரத்தன்மையுள்ள, பிசுக்கு நீக்கும் மருந்தான டிகிரீசரை அதன் டப்பாவில் சொன்ன அளவில் வெந்நீரில் கலந்து பூசி, காய்ந்துவிடாதபடி பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். ஒரே முறையில் எல்லாம் வர வேண்டும் என்று மருந்தைக் கெட்டியாக்காமல், மூன்று முறை செய்யுங்கள். கடைசியாக நல்ல நீரால் பல முறை கழுவிவிட்டு, ஈரத் தகட்டின்மேல் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். காகிதத்தை ஒட்டிப் பாருங்கள். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் அது கிடைக்கும். 7-ஐ ஒட்டி நின்றால்தான் மருந்து முழுவதும் போயிருக்கிறது. இல்லாவிட்டால் சமைக்கும்போது எழும் ஆவியில் கரைந்து, அது சட்டிக்குள்ளேயே சொட்டும். நீல வண்ணம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உங்களுடையவை அலுமினிய வலை ஃபில்டர்களாக இருந்தால் கழுவ முயலாமல் தூக்கி எறியுங்கள். வலை ஃபில்டர் எண்ணெயைத் தன் கண்களுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வதால், தீ வரும்போது அதுவே திரியாகிவிடும். மேற்சொன்ன நெறிமுறை வணிக அடுக்களைகளில் அதற்கு இடமே தருவதில்லை. அதற்குப் பதிலாக எவர்சில்வர் பேஃபிள் ஃபில்டர்களை, 45 டிகிரிக்குக் குறையாத சாய்வில் மாட்டச் சொல்லுங்கள். அதில் காற்று வளைந்து வளைந்து போகும்போது எண்ணெய்த் துளிகள் தகட்டில் மோதி வழிந்து, அடியிலுள்ள தொட்டிக்கு வந்துவிடும். சுடரும் நேராக மேலே ஏற வழியிராது.

இனி டக்ட். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து அது தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை சுவரோடு போகிறது என்று தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும், கிடையாகப் போகும் பகுதியில் 12 அடிக்கு ஒன்றாகவும் திறந்து மூடும் கதவுகள் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான டக்ட்டுகளில் ஒரு கதவுகூட இருப்பதில்லை. இல்லாவிட்டால் வெட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டும்போது கிரைண்டரின் தீப்பொறியே உள்ளே இருக்கும் பிசுக்கைப் பற்ற வைத்துவிடும் என்பதால், கைக் கத்தரியாலோ தீப்பொறி வராத கருவியாலோ வெட்டும் ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். திறந்ததும் உள்ளே மூன்று விதமாக இருக்கும். எரிந்து சாம்பலாகி உதிரும் இடங்கள் எளிதாகச் சுத்தமாகிவிடும். தீ எட்டாத இடங்களில் பழைய பிசுக்கு அப்படியே இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, மேலே கரியும் அடியில் உருகி ஓடிய எண்ணெயுமாக இருக்கும் இடம்தான் ஆபத்தானது. அந்தக் கரி, பஞ்சைப்போல எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும், சிறு பொறிகூட அதற்குப் போதும். நான் வளைவைத் திறக்காமல் விட்ட மெஸ்ஸில் இருந்தது இதுதான்.

பிசுக்கு 2 மில்லிமீட்டர் கனத்தை எட்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும், சுத்தம் செய்த பிறகு 50 மைக்ரானுக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது என்பது அளவு. 50 மைக்ரான் என்பது நாம் எழுதும் தாளின் கனத்தில் ஏறத்தாழப் பாதி. அதாவது விரலால் தடவினால் வெறும் தகடு மட்டுமே தட்டுப்பட வேண்டும். இதற்கு அழுத்தமான வெந்நீர்ப் பாய்ச்சலைப் பலர் பரிந்துரைப்பார்கள். டக்ட் முழுவதும் நீர் கசியாதபடி வெல்டிங் செய்ததாக இருந்தால் அது மிகச் சிறந்த முறை. உங்களுடையது ரிவெட் அடித்து சிலிக்கான் பூசிய ஜி.ஐ. டக்ட்டாக இருந்தால் வேண்டாம். தீயில் சிலிக்கான் எரிந்துபோயிருக்கும், பாய்ச்சுகிற நீர் எண்ணெயையும் காஸ்டிக்கையும் சேர்த்து மாடி வீட்டுச் சுவருக்குள் கொண்டுபோய் விடும். அப்படிப்பட்ட டக்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடியும் நம்புவதைவிட, கழற்றி எறிந்துவிட்டு, 16 கேஜ் இரும்பிலோ 18 கேஜ் எவர்சில்வரிலோ முழுவதும் வெல்டிங் செய்த புதிய டக்ட்டை, முடிந்தால் கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக ஏற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செலவு பிடிக்கும், அடுக்களையில் எதற்கேனும் கடன் வாங்கலாம் என்றால் இதற்கு வாங்கலாம்.

சுரண்டி எடுத்த கசடையும் எண்ணெய்க் கழிவுநீரையும் சாக்கடையில் விடாதீர்கள். ஹூடுக்கு அடியில் பாலித்தீன் விரிப்பைப் புனல்போலக் கட்டி டிரம்மில் பிடித்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குழாயில் போனால் உறைந்து தெருவுக்கே அடைப்பாகும்.

ப்ளோயரைக் கழற்றித் தரையில் இறக்கித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இலைகளில் ஒரு பக்கம் மட்டும் கரி மிச்சமிருந்தால்கூட எடை மாறி அதிரும், பேரிங் சீக்கிரம் போகும். மோட்டார் சுருளையும் அங்கே போகும் கம்பிகளையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன், மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் கருவியால் சோதிக்கட்டும். உறை கருகிய கம்பியில் டேப் சுற்றி விடாமல் முழு நீளத்துக்கும் மாற்றட்டும். திரும்ப இணைக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுழலும். மையவிலக்கு வகை ப்ளோயர் எதிர்ப்பக்கம் சுழன்றாலும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கும் என்பதால் யாருக்கும் ஐயம் வராது; அடுக்களை மட்டும் முன்பைவிடப் புழுக்கமாகி, பிசுக்கு இரட்டிப்பு வேகத்தில் சேரும். உறையின்மேல் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டால் ஒரு நிமிட வேலை. தீ விபத்துக்குப் பின் நான் சோதித்த கடைகளில் இந்தத் தவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து, அடுப்பு பற்றவைக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, டக்ட்டுக்குள் ஒரு பிரகாசமான விளக்கைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கி, வெளியே எந்த இணைப்பிலாவது வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் வரும் ஓட்டை வழியாக எண்ணெயும் வரும், தீயும் வரும். பிறகு ப்ளோயரை ஓடவிட்டு, சாம்பிராணிப் புகையை ஹூடின் நான்கு விளிம்புகளிலும் பிடியுங்கள். புகை தயங்காமல் உள்ளே வளைந்து போக வேண்டும். ஏதேனும் ஒரு மூலையில் வெளியே சுருண்டு வந்தால், இழுவை போதவில்லை அல்லது புதிய காற்று உள்ளே வர வழியில்லை. சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு ப்ளோயரைக் குறைசொல்லும் அடுக்களைகளும் உண்டு.

இனி வரும் நாட்களுக்கு: பஜ்ஜி, வடை என்று நாள் முழுவதும் பொரிக்கும் கடையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது டக்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். விறகடுப்பும் இருந்தால் மாதம் ஒரு முறை. ஃபில்டர்களை ஒவ்வோர் இரவும் கழற்றி வெந்நீரில் ஊறப்போடப் பழக்குங்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் புகையும் வெப்பநிலை கீழே இறங்கிக்கொண்டே வரும், ஆவியும் அதிகமாகும். காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் கெடுதலான பொருட்களின் அளவான மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி, உங்கள் டக்ட்டுக்கும் சேர்த்துத்தான் நன்மை செய்கிறது. தீர்ந்துபோன பவுடர் சிலிண்டரை நிரப்புவதோடு, சமையல் எண்ணெய்த் தீக்கென்றே வரும் வெட் கெமிக்கல் சிலிண்டர் ஒன்றையும் வாங்கி, அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, வெளியேறும் வழியில் மாட்டுங்கள். பவுடர் சுடரை அணைக்கும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது, சூடு குறையாத எண்ணெய் மறுபடியும் பற்றலாம். வெட் கெமிக்கல் எண்ணெயின்மேல் சோப்பு நுரையாகப் படர்ந்து மூடி, குளிரவும் வைக்கும். கேஸ் வால்வும் தீயைத் தாண்டிக் கை நீட்டாமல் மூடக்கூடிய இடத்தில் இருக்கட்டும். சட்டி அளவுக்கு ஒரு இரும்பு மூடியைப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

வேலைக்கு வரும் ஆளிடம், ஒவ்வொரு வளைவின் உட்புறத்தையும் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தைக் கொடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டக்ட்டை மூடுவதற்கு முன் முதல் மாடியில் குடியிருப்பவரையும் அழைத்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அந்த டக்ட் போவது அவர் தூங்கும் அறையின் சுவரை ஒட்டி.